சர்வர் ஓஎஸ் அப்கிரேடு பாதில நின்னுபோச்சா? கண்ணுக்கு என்ன தெரியுதோ அங்கருந்து ஆரம்பிங்க

மொதல்ல கையை கீபோர்டுல இருந்து எடுங்க. அப்கிரேடு பாதில சிக்கிக்கிட்டா எல்லாருக்கும் வர்ற மொத யோசனை "ஒரு ரீபூட் அடிச்சுப் பாப்போம்"ங்கறதுதான், அதைவிட மோசமான யோசனை வேற கிடையாது. இப்ப ஓடிட்டிருக்கிற மெஷின்ல பழைய கர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) மெமரில உக்காந்திருக்கு, நெட்வொர்க் இருக்கு, நீங்க உள்ள லாகின் ஆகியிருக்கீங்க, சரி பண்ண வேண்டியது அத்தனையும் கைல இருக்கு. டிஸ்க்ல இருக்கிறதுதான் பாதி பழசு பாதி புதுசு. ரீபூட் பண்ணிட்டா அந்த அரைகுறையை நம்பித்தான் மெஷின் எழுந்திருக்கணும், எழுந்திருக்கலன்னா கன்சோலை (மெஷினோட நேரடித் திரை, கீபோர்டு) தேடி ஓடணும்.

கீழ இருக்கிறது பெரும்பாலும் உபுண்டு, டெபியன்ங்கற ரெண்டு லினக்ஸ் டிஸ்ட்ரோக்கும் (லினக்ஸ் தொகுப்புக்கும்) பொருந்தும். கமாண்டையெல்லாம் போன்ல ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி சொல்லியிருக்கேன், அடிக்கிறப்ப வழக்கமான ஸ்பெல்லிங்ல அடிச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம். டிஸ்ட்ரோ கூடவே வந்த பேக்கேஜ் தானா உடையறதை நான் ரொம்பக் கம்மியாத்தான் பாத்திருக்கேன். எப்பவோ அவசரத்துக்கு வெளி ரெப்போ (பேக்கேஜ் இறக்கற இடம்) ஒண்ணைச் சேத்திருப்போம், ஒரு கான்பிக் ஃபைல்ல கை வச்சிருப்போம், ஒரு சிம்லிங்க் (வேற ஃபைலைக் காட்டற குறுக்குவழி) போட்டுட்டு மறந்திருப்போம், அதெல்லாம்தான் இப்ப வரிசையா கழண்டு விழும். ஒவ்வொரு இடத்துலயும் "இங்க நான் கையால என்ன பண்ணினேன்"னு ஒரு தடவை யோசிச்சீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

"புது ரிலீஸ் எதுவும் இல்ல"ன்னு சொல்லுது

உபுண்டுல டு-ரிலீஸ்-அப்கிரேடு கமாண்டைக் கொடுத்தா, புது எல்டிஎஸ் (பல வருஷம் ஆதரவு இருக்கிற ரிலீஸ்) வந்து மாசமாகியும் ஒண்ணும் இல்லங்குதா, பயப்படாதீங்க, அது வேணும்னே அப்படி வச்சிருக்காங்க. எல்டிஎஸ்ல இருந்து அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு வழியைத் திறக்கறதே மொத பாயிண்ட் ரிலீஸ் (அதே ரிலீஸோட மொத திருத்தப் பதிப்பு) வந்தப்பறம்தான். 24.04 ஏப்ரல் 2024ல வந்துச்சு, 24.04.1 ஆகஸ்ட் கடைசிலதான் வந்துச்சு, நடுவுல இருந்த நாலு மாசமும் 22.04 சர்வர்ல இதே பதில்தான். கமாண்டோட மைனஸ் டி சேத்தா அவசரமா போகலாம், புரொடக்ஷன்ல நான் பண்ண மாட்டேன்.

பாயிண்ட் ரிலீஸ் வந்தும் இதே பதில்னா, எட்ஸில (கான்பிக் ஃபைலெல்லாம் இருக்கிற ஃபோல்டர்) அப்டேட்-மேனேஜர் ஃபோல்டருக்குள்ள ரிலீஸ்-அப்கிரேட்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல பிராம்ப்ட்டுங்கற வரில "நெவர்"னு யாராச்சும் போட்டு வச்சிருப்பாங்க, அதை "எல்டிஎஸ்"னு மாத்துங்க. அப்புறம் இப்ப இருக்கிற ரிலீஸோட எல்லா அப்டேட்டையும் போட்டு முடிச்சாத்தான் நகரவே விடும். ஹோல்டு போட்டு நிறுத்தி வச்ச பேக்கேஜ் ஏதாவது இருக்கான்னு ஆப்ட்-மார்க் ஷோஹோல்டுல (ஆப்ட்ங்கறதுதான் பேக்கேஜை இறக்கிப் போடற கருவி) பாத்துடுங்க.

20.04ல இருந்து நேரா 24.04க்குத் தாவலாமான்னா முடியாது. 22.04ல இறங்கி ஏறணும். டெபியனும் அப்படித்தான், 11ல இருந்து 13க்கு 12 வழியாத்தான்.

404ன்னு வருது, இல்லன்னா கீ இல்லங்குது

404 வந்தா பெரும்பாலும் உங்க ரிலீஸுக்கு ஆயுசு முடிஞ்சு ஃபைலையெல்லாம் வேற இடத்துக்குத் தூக்கிட்டாங்கன்னு அர்த்தம். உபுண்டுவோட ஒன்பது மாச ரிலீஸெல்லாம் ஓல்டு-ரிலீசஸ் சர்வருக்குப் போயிடும், பழைய டெபியன் ஆர்கைவ் சர்வருக்குப் போயிடும். சோர்ஸ் லிஸ்ட்ல அந்த முகவரியைப் போட்டுட்டு அப்புறம் தொடருங்க.

டெபியன் 10ல இருந்து 11க்குப் போறவங்க ஒரு இடத்துல கண்டிப்பா இடிச்சுப்பாங்க. செக்யூரிட்டி வரில முன்னாடி பஸ்டர், சாய்கோடு, அப்டேட்ஸ்னு இருந்துச்சு, 11ல அது புல்ஸ்ஐ-செக்யூரிட்டின்னு ஆயிடுச்சு. பேரை மட்டும் மாத்திட்டு பின்னால இருக்கிறதை அப்படியே விட்டா 404 வரும். 12ல ஃபர்ம்வேருக்குன்னே நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்னு தனிப்பிரிவு வந்திருக்கு, அதைச் சேக்காம விட்டா எரர் எதுவும் வராது, ஆனா நெட்வொர்க் கார்டு ஃபர்ம்வேருக்கு அதுக்கப்பறம் அப்டேட்டே வராது.

கீ (ரெப்போவோட கையெழுத்தைச் சரிபாக்கற சாவி) பிரச்சனைன்னா பெரும்பாலும் வெளி ரெப்போ. அப்கிரேடுக்கு முன்னாடியே அதையெல்லாம் கமெண்ட் பண்ணி வச்சுட்டு, முடிஞ்சப்பறம் புது ரிலீஸ் பேரோட ஒவ்வொண்ணா திறக்கறதுதான் நல்லது. உபுண்டு அப்கிரேடர் தானாவே டிஸேபிள் பண்ணும், திரும்ப எனேபிள் பண்றது நம்ம வேலை, அது பல பேருக்குத் தெரியாம வருஷக்கணக்கா அப்டேட்டே இல்லாம ஓடிட்டிருக்கும்.

லாக்கை (பூட்டை) எடுக்க முடியலங்குது

அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் (தானா அப்டேட் போடற வேலை) பின்னாடி ஓடிட்டிருக்கும். அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, தானா முடியும். முடியலன்னா அந்த லாக்-ஃப்ரண்டெண்ட் ஃபைலை யார் பிடிச்சிருக்காங்கன்னு எஃப்யூசர் இல்ல எல்எஸ்ஓஎஃப்ல பாருங்க. லாக் ஃபைலையே டெலீட் பண்ணச் சொல்லி ஊரெல்லாம் எழுதியிருக்கும், பண்ணாதீங்க. பூட்டு தப்பு இல்ல, உள்ள ஒருத்தர் நிஜமாவே வேலை பாத்துட்டிருக்கார்.

இடம் இல்லங்குது

டிஎஃப் மைனஸ் ஹெச் அடிச்சு எந்த பார்ட்டிஷன் நிறைஞ்சிருக்குன்னு மொதல்ல பாருங்க. பத்துக்கு ஏழு தடவை பூட் பார்ட்டிஷன்தான், அதைத் தனியா சின்னதா போட்டிருப்பாங்க, பழைய கர்னலெல்லாம் அங்க அடுக்கி வச்சிருக்கும். ஆப்ட் ஆட்டோரிமூவ், கூட பர்ஜ் சேத்து அடிச்சா வழக்கமா போயிடும். ஆப்ட்டே ஓட மாட்டேங்குதுன்னா யூநேம் மைனஸ் ஆர்ல இப்ப ஓடற கர்னல் எதுன்னு பாத்து ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு, அது இல்லாத ரொம்பப் பழசு ஒண்ணோட இனிட்ஆர்டி ஃபைலை (பூட் ஆகறப்ப கர்னலோட ஏத்தறது) மட்டும் வேற பார்ட்டிஷனுக்கு நகத்துங்க. கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைச்சதும் மிச்சத்தை ஆப்ட்டையே விட்டு எடுக்கச் சொல்லுங்க.

டிஎஃப்ல நிறைய காலி தெரியுது, ஆனாலும் இடம் இல்லங்குதா? டிஎஃப் மைனஸ் ஐ. ஐநோடு (ஒரு ஃபைலுக்கு ஒண்ணுன்னு செலவாகற பதிவு) தீந்திருக்கும். பிஹெச்பி செஷன் ஃபைலோ, மெயில் க்யூவோ குட்டி குட்டியா லட்சக்கணக்குல கெடக்கும்.

எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து லாகின் ஆகற இணைப்பு) நடுவுல கட் ஆயிடுச்சு

உபுண்டுன்னா நிம்மதியா இருங்க, அப்கிரேடர் ஸ்க்ரீன்ங்கற புரோகிராமுக்குள்ளதான் ஓடும், இணைப்பு போனாலும் அது நிக்காது. திரும்ப உள்ள போய் ரூட்டா மாறி ஸ்க்ரீன் மைனஸ் எல்எஸ் அடிச்சா செஷன் தெரியும், மைனஸ் ஆர் போட்டு ஒட்டிக்கலாம். 22ஆம் போர்ட்ல உள்ள போக முடியலன்னா 1022ல போய்ப் பாருங்க, எஸ்எஸ்ஹெச் வழியா அப்கிரேடு பண்றீங்கன்னு தெரிஞ்சா இதுக்குன்னே அங்க இன்னொரு எஸ்எஸ்ஹெச்டியை (எஸ்எஸ்ஹெச் சர்வர் புரோகிராம்) திறந்து வைக்கும். ஆனா ஃபயர்வாலை அது திறக்காது, நீங்கதான் முன்னாடியே திறந்து வச்சிருக்கணும். கிளவுட் செக்யூரிட்டி குரூப்னு இன்னொண்ணு வெளிய இருக்கும், மறக்காதீங்க.

டெபியன்ல இந்த வசதியெல்லாம் இல்ல. டிமக்ஸ் (ஸ்க்ரீன் மாதிரியே ஒண்ணு) போட்டுட்டு ஆரம்பிங்க. போடாம ஆரம்பிச்சு கட் ஆச்சுன்னா ஆப்ட் அந்த இடத்துலயே செத்திருக்க வாய்ப்பு அதிகம், ரெண்டு தலைப்பு தள்ளி இருக்கிற டிபிகேஜி (ஆப்ட்டுக்கு அடில இருந்து பேக்கேஜை நிறுவற கருவி) கதைக்குப் போங்க.

கான்பிக் ஃபைலை மாத்தவான்னு கேட்டு நிக்குது

இது எரர் இல்ல, ஆனா நாளைக்கு வர்ற எரர்ல பாதி இங்கதான் பொறக்குது. ஸ்க்ரீன்ல ஒரு கான்பிக் ஃபைல் பேரைப் போட்டு "நீங்க மாத்தியிருக்கீங்க, பேக்கேஜ் தர்றவங்களும் புதுசு அனுப்பியிருக்காங்க, என்ன பண்ண"ன்னு கேக்கும், கீழ ஒய், என், டி, இசட்னு எழுத்து இருக்கும் (எஸ்எஸ்ஹெச்டி கான்பிக் மாதிரி சிலதுக்கு எழுத்துக்குப் பதிலா ஒரு மெனு வரும்). சும்மா என்டர் தட்டினா பழசே இருக்கும், அதுதான் டீஃபால்ட். ராத்திரி தூக்கத்துல எஸ்எஸ்ஹெச்டி கான்பிக்குக்குப் புதுசையே போடுன்னு சொல்லிட்டு, பாஸ்வேர்ட் லாகினை நிறுத்தி வச்சிருந்ததும் போர்ட் மாத்தி வச்சிருந்ததும் மொத்தமா போனவங்க இருக்காங்க, நானும் அதுல ஒருத்தன்.

டி அடிங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் வரும். உங்க மாற்றம் ரெண்டு மூணு வரிதான்னு தெரிஞ்சா, இசட் அடிச்சு ஷெல்லுக்குப் போய் பழசை ஒரு காப்பி எடுத்துட்டு, எக்ஸிட் கொடுத்துத் திரும்பி வந்து ஒய் அடிச்சு புதுசை வாங்கிக்கிட்டு, ரீபூட்டுக்கு முன்னாடி அந்த ரெண்டு வரியை அதுல சேத்துடுங்க. நேரம் இல்லன்னா எல்லாத்துக்கும் "என்" எழுத்தையே அடிங்க, பழசே இருக்கும். அப்கிரேடு முடிஞ்சப்பறம் எட்ஸிக்குள்ள டிபிகேஜி-டிஸ்ட், யுசிஎஃப்-டிஸ்ட்னு முடியற ஃபைலையெல்லாம் ஃபைண்ட்ல தேடினா நீங்க வேண்டாம்னு தள்ளின புதுசெல்லாம் வரிசையா கிடைக்கும், பகல்ல உக்காந்து ஒப்பிட்டுக்கலாம்.

டிபிகேஜி எரர் கோடு 1ன்னு திரும்பத் திரும்ப வருது

இங்க கொஞ்சம் நிதானமா வாங்க. திரையோட அடில இருபது பேக்கேஜ் பேரைப் போட்டு இதெல்லாம் கான்பிகர் ஆகலன்னு சொல்லும், அந்த லிஸ்டைப் பாத்ததுமே வயிறு கலங்கும். அந்த இருபதும் பழுது இல்ல. ஒண்ணுதான் பழுது, மிச்சம் பத்தொன்பதும் அதுக்காகக் காத்துக்கிட்டிருக்கு. அதனால கீழ இருந்து படிக்காதீங்க, மேல ஸ்க்ரோல் பண்ணி மொத எரர் எங்க வந்துச்சுன்னு பிடிங்க. ஸ்க்ரோல்ல இல்லன்னா வார்-லாக் (பதிவு ஃபைலெல்லாம் இருக்கிற இடம்) உள்ள டிஸ்ட்-அப்கிரேடு ஃபோல்டர்ல இருக்கும், டெபியன்னா ஆப்ட் ஃபோல்டர்ல டெர்ம்-லாக்.

ஒரு தடவை எனக்கு வந்தது: என்ஜின்எக்ஸ் வெப் சர்வரோட போஸ்ட்-இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் ஃபெயில்னு நின்னுச்சு. ரீஇன்ஸ்டால் பண்ணேன், பர்ஜ் பண்ணலாமான்னு கூட யோசிச்சேன். ஜர்னல்சிடிஎல்ல (சர்வீஸோட பதிவைக் காட்டற கமாண்ட்) அந்த யூனிட்டைப் பாத்தா "80ஆம் போர்ட் ஏற்கனவே யார்கிட்டயோ இருக்கு"ன்னு ஒரே வரி. பிஹெச்பியோட மெட்டா பேக்கேஜ் ஒண்ணு டிபெண்டன்சின்னு சொல்லி அப்பாச்சியை (இன்னொரு வெப் சர்வர்) உள்ள இழுத்துட்டு வந்திருக்கு, அது வந்ததும் 80ல உக்காந்துக்கிச்சு. அப்பாச்சியை ஸ்டாப் பண்ணி டிஸேபிள் பண்ணிட்டு டிபிகேஜி கான்பிகர் மைனஸ் ஏ அடிச்சேன், மடமடன்னு எல்லாம் முடிஞ்சிடுச்சு. பேக்கேஜிங் பிரச்சனை மாதிரி வேஷம் போட்டு வர்றது பல சமயம் வெறும் "சர்வீஸ் ஸ்டார்ட் ஆகல"தான்.

வரிசை இதுதான்: மொத எரரைச் சரி பண்ணுங்க, டிபிகேஜி கான்பிகர் மைனஸ் ஏ, அப்புறம் ஆப்ட் ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால், அப்புறம் ஃபுல்-அப்கிரேடு. மூணையும் மாத்தி மாத்தி ரெண்டு மூணு சுத்து ஓட்ட வேண்டி வரும், ஒவ்வொரு சுத்துக்கும் லிஸ்ட் சுருங்குதான்னு மட்டும் பாருங்க. ஃபிக்ஸ்-புரோக்கன் எதையெல்லாம் தூக்கப் போறேன்னு காட்டும், அதைப் படிக்காம ஒய் அடிக்காதீங்க, ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வரோ டேட்டாபேஸோ அதுல இருந்தா நிறுத்துங்க. போஸ்ட்-இன்ஸ்டால் ஸ்கிரிப்டையே டெலீட் பண்ணிட்டா ஓடிடும்னு ஒரு குறுக்கு வழி சொல்லுவாங்க, ஓடும்தான், அந்த ஸ்கிரிப்ட் செய்ய வேண்டிய வேலை நடக்காம ஓடும்.

லிஸ்ட் காலியானப்பறம், ஒரு தடவை அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ஒரு தடவை அப்டேட்-கிரப் (கிரப்ங்கறது ஓஎஸ்ஸை பூட் பண்ற புரோகிராம்). ரெண்டும் எரர் இல்லாம முடிஞ்சாத்தான் ரீபூட்.

ரீபூட் பண்ணேன், திரும்ப வரல

பிங் இல்லன்னா கன்சோல் பாத்தே ஆகணும், விஎன்சியோ சீரியலோ ஐபிஎம்ஐயோ எதுவோ. திரைல என்ன நிக்குதுன்னு பாருங்க.

கிரப் ரெஸ்க்யூன்னு நிக்குது, கிரப்-காலாக் சிம்பல் கிடைக்கலங்குது: 2020 ஜூலைல பூட்ஹோல்ங்கற பாதுகாப்பு ஓட்டையை அடைச்ச அப்டேட்டுக்கு அப்பறம் ரொம்பப் பிரபலமான எரர் இது. டிஸ்க்கோட தலைல இருக்கிற கிரப் பழசு, பூட் ஃபோல்டர்ல இருக்கிற மாட்யூல் புதுசு. எந்த டிஸ்க்ல இன்ஸ்டால் பண்ணன்னு கிரப்-பிசி பேக்கேஜ் கேட்டப்ப தப்பான டிஸ்க்கைக் காட்டியிருப்பீங்க, இல்ல விஎம்மைக் குளோன் பண்ணினதுல டிஸ்க் பேர் மாறியிருக்கும். ரெஸ்க்யூ ஐஎஸ்ஓல பூட் பண்ணி, ரூட்டை மவுண்ட் பண்ணி, டெவ், ப்ராக், சிஸ் மூணையும் பைண்ட் பண்ணி, சிஹெச்ரூட்டுக்குள்ள (அந்த டிஸ்க்கையே ரூட்டா வச்ச ஷெல்) போய் கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப். வெளிய வர்றதுக்கு முன்னாடி டிபிகேஜி-ரீகான்பிகர் கிரப்-பிசி ஓட்டி சரியான டிஸ்க்கைக் காட்டிடுங்க, இல்லன்னா அடுத்த அப்டேட்ல இதே கதைதான்.

ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கேன்னு ஒன்றரை நிமிஷம் எண்ணிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போகுது: எஃப்எஸ்டேப்ல (மவுண்ட் பண்ண வேண்டிய டிஸ்க் பட்டியல்) இப்ப மெஷின்ல இல்லாத ஒரு டிஸ்க்கை எழுதி வச்சிருக்கு. எப்பவோ கழட்டின பேக்கப் டிஸ்க்கா இருக்கும். அந்த வரியை எடுங்க, இல்ல அதுல நோஃபெயில் (டிஸ்க் இல்லன்னாலும் பூட் தொடரும்) சேத்துடுங்க.

லாகின் பிராம்ப்ட் வரைக்கும் வந்திருக்கு, நெட்வொர்க் மட்டும் இல்ல: ஐபி லிங்க் அடிச்சு கார்டு பேரைப் பாருங்க. கான்பிக்ல ஈத்-ஜீரோன்னு இருக்கும், மெஷின் இப்ப அதை ஈஎன்எஸ்-3ன்னோ வேற மாதிரியோ கூப்பிடும். உபுண்டுன்னா நெட்பிளான் ஃபைல்ல, டெபியன்னா இன்டர்ஃபேசஸ் ஃபைல்ல பேரை மாத்தினா போதும். நெட்பிளான்ல மேக் அட்ரஸை வச்சு மேட்ச் பண்ணிட்டா அடுத்த தடவை பேர் மாறினாலும் கவலை இல்ல.

ஐபிக்கு பிங் போகுது, பேருக்குப் போகலன்னா ரிசால்வ்-கான்ஃப் (டிஎன்எஸ் சர்வர் எதுன்னு சொல்ற ஃபைல்) எங்க லிங்க் ஆகியிருக்குன்னு எல்எஸ் மைனஸ் எல்ல பாருங்க, பாதிக்குப் பாதி அது இல்லாத ஒரு ஃபைலைக் காட்டிட்டிருக்கும்.

மெஷின் வந்துடுச்சு, என் எஸ்எஸ்ஹெச் கீயை மட்டும் ஏத்துக்க மாட்டேங்குது

22.04க்கோ டெபியன் 12க்கோ போனப்பறம் பழைய கிளையண்ட்ல இருந்து லாகின் ஆகலன்னா காரணம் தெளிவு. ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8ல இருந்து, அதாவது 2021 செப்டம்பர்ல இருந்து, ஷா-1 போட்டு கையெழுத்திடற பழைய ஆர்எஸ்ஏ முறையை டீஃபால்ட்டா ஏத்துக்கறதில்ல. உங்க ஆர்எஸ்ஏ கீ செத்துடல, அதே கீயைப் புது கிளையண்ட் ஷா-2 போட்டு அனுப்பினா உள்ள விடும். அதனாலதான் உங்க லேப்டாப்ல இருந்து போகுது, பத்து வருஷப் பழைய பேக்கப் மெஷின்ல இருந்து மட்டும் போகல. ஆத்-லாக்ல கீ டைப் அனுமதில இல்லன்னு வரி இருக்கும். கிளையண்ட்டை அப்டேட் பண்ணுங்க, முடிஞ்சா ஈடி25519 கீ போடுங்க. உடனே வேலை நடக்கணும்னா எஸ்எஸ்ஹெச்டி கான்பிக்ல பப்கீ-அக்செப்டட்-அல்காரிதம்ஸ்ல பிளஸ் போட்டு எஸ்எஸ்ஹெச்-ஆர்எஸ்ஏ சேக்கலாம், சேத்துட்டு காலண்டர்ல ஒரு தேதி குறிச்சு வைங்க, இல்லன்னா அது அங்கயே இருந்துடும்.

24.04ல போர்ட்டை மாத்திட்டு எஸ்எஸ்ஹெச்சை ரீஸ்டார்ட் பண்ணியும் பழைய போர்ட்லயே கேக்குதுன்னா, இப்ப போர்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கிறது எஸ்எஸ்ஹெச் சாக்கெட். சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அப்புறம் எஸ்எஸ்ஹெச்-டாட்-சாக்கெட்டை ரீஸ்டார்ட். பழைய விண்டோவை மூடாம புது விண்டோல லாகின் ஆகிப் பாத்துட்டுத்தான் மூடணும்.

சைட்ல 502, இல்லன்னா பிஹெச்பி கோடே அப்படியே தெரியுது

20.04ல பிஹெச்பி 7.4, 22.04ல 8.1, 24.04ல 8.3. என்ஜின்எக்ஸ் கான்பிக்ல இன்னும் 7.4 சாக்கெட்டோட பேர் இருக்கும், அந்த சாக்கெட்டே இப்ப இல்ல, அதான் 502. பேரை மாத்தி ரீலோட் பண்ணுங்க. அப்பாச்சின்னா பழைய மாட்யூலை ஏ2டிஸ்மாட்ல எடுத்துட்டு புதுசை ஏ2என்மாட்ல போடுங்க. கோடு அப்படியே தெரிஞ்சா சைட்டை உடனே இறக்குங்க, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் அதுக்குள்ள இருக்கலாம். அதுக்கப்பறமும் வெள்ளைப் பக்கம் வந்தா அது உங்க கோடு பிஹெச்பி 8ஐ தாங்கல, எரர் லாக்ல ஃபைல் பேரும் வரி எண்ணும் இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல டேட்டாவே இல்ல

இருக்கு. உக்காருங்க, தண்ணி குடிங்க.

போஸ்ட்கிரெஸ்ஸை அப்கிரேடர் ஏத்தாது, புது வெர்ஷனைப் பக்கத்துல தனியா நிறுத்தும். 20.04ல இருந்தது 12, 22.04ல வர்றது 14. பிஜி-எல்எஸ்கிளஸ்டர்ஸ் அடிச்சா ரெண்டு வரி வரும்: 12 மெயின் 5432ல, 14 மெயின் 5433ல. நீங்க காலியான 14ஐத் தட்டிப் பாத்துட்டு அலறியிருப்பீங்க. ஃபுல் டம்ப் (டேட்டாவோட முழு காப்பி) ஒண்ணு எடுத்துட்டு, 14 நிஜமாவே காலிதான்னு ரெண்டு தடவை பாத்துட்டு, பிஜி-டிராப்கிளஸ்டர் 14 மெயின், கூட ஸ்டாப். அப்புறம் பிஜி-அப்கிரேடுகிளஸ்டர் 12 மெயின். அது டேட்டாவை ஏத்தி போர்ட்டையும் மாத்திக் கொடுக்கும். டிராப்ல நம்பர் மாத்தி அடிச்சா கேக்காமலே அழிச்சுடும், அதனால அந்த வரியை அடிச்சதும் என்டர் தட்டாம ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க, வெக்கமே வேண்டாம்.

12ங்கற வரில பைனரி இல்லன்னு தெரிஞ்சா, அப்கிரேடு கடைசில "இனி தேவைப்படாத பேக்கேஜை எடுத்துடவா"ன்னு கேட்டதுக்கு ஆமான்னு சொல்லியிருக்கீங்க. நான் சொல்லியிருக்கேன். டேட்டா ஃபோல்டர் வார்-லிப்ல அப்படியே இருக்கும், பர்ஜ் பண்ணாத வரைக்கும் போகாது. போஸ்ட்கிரெஸ் தரப்போட சொந்த ஆப்ட் ரெப்போவைச் சேத்து 12ஐ திரும்பப் போட்டு, மேல சொன்னதைச் செய்யுங்க. அந்தக் கேள்விக்கு எப்பவும் வேண்டாம்னு சொல்லிட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு எடுக்கறதுதான் நான் இப்ப பண்றது.

பைத்தான் ஆப் மாட்யூல் இல்லங்குது

வெர்ச்சுவல்என்வ் (ஆப்புக்குன்னு தனியா வச்ச பைத்தான் சூழல்) பழைய பைத்தானைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. 3.8, 3.10, 3.12ன்னு ஒவ்வொரு எல்டிஎஸ்லயும் மாறுது. ரிப்பேர் பண்ண மெனக்கெடாதீங்க, அழிச்சுட்டு புதுசா போட்டு ரெக்வயர்மெண்ட்ஸ் ஃபைலை ஓட்டுங்க. 3.12ல டிஸ்ட்யூட்டில்ஸே கிடையாது, அதைக் கேக்கற பழைய லைப்ரரிக்கு புது வெர்ஷன் தேடணும். 24.04லயும் டெபியன் 12லயும் என்வ் இல்லாம பிப் ஓட்டினா "வெளியில இருந்து நிர்வகிக்கப்படுது"ன்னு தடுக்கும், பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்னு ஒரு ஃபிளாக் இருக்கு, பேர்லயே எச்சரிக்கை இருக்கு.

டெபியன் 13க்குப் போனப்பறம் மெமரி தீருது

டிம்ப் (தற்காலிக ஃபைல்) ஃபோல்டர் இப்ப மெமரில, டிஎம்பிஎஃப்எஸ்ஸா இருக்கு, அதிகபட்சம் ராம்ல பாதி வரைக்கும் எடுத்துக்கும். சின்ன விஎம்ல பெரிய டம்பை டிம்ப்ல இறக்கற ஸ்கிரிப்ட் இருந்தா மாட்டிக்கும். ஸ்கிரிப்டை வார்-டிம்ப்புக்கு மாத்துங்க, இல்லன்னா டிம்ப்-டாட்-மவுண்ட்டை மாஸ்க் பண்ணி ரீபூட் பண்ணுங்க, பழைய மாதிரி டிஸ்க்குக்குப் போயிடும். அப்கிரேடுக்கு முன்னாடி டிம்ப்ல வச்ச ஃபைலெல்லாம் காணோம்னா அது அழியல, மேல இதை மவுண்ட் பண்ணினதால அடில மறைஞ்சிருக்கு.

எப்ப விட்டுடறது

ரெண்டு மணி நேரம் ஆகியும் மொத எரரே எதுன்னு பிடிபடலன்னா அப்கிரேடுக்கு முன்னாடி எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு (மெஷினோட முழு காப்பி) திரும்பிடுங்க, வீம்பு வேண்டாம். திரும்பறதுக்கு முன்னாடி டேட்டாபேஸ் டம்பையும் டிஸ்ட்-அப்கிரேடு லாக் ஃபோல்டரையும் வேற மெஷினுக்கு காப்பி எடுத்துடுங்க. ஸ்னாப்ஷாட் எடுத்ததுக்கப்பறம் யூசர் யாராச்சும் ஏதாவது எழுதியிருந்தா அது அந்த டம்ப்ல மட்டும்தான் இருக்கும், அடுத்த தடவை எங்க இடிக்கும்ங்கறது அந்த லாக்ல இருக்கும்.